முக்கால் மகிழ்ச்சி

பெரிய கடையில் பொருள் விற்பதில்லை, மகிழ்ச்சிதான் விற்கிறார்கள். வாசலில் ஆளுயர எழுத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது. அங்கே அலமாரி வாங்க வருகிறவரை 'வாடிக்கையாளர்' என்று வாய்தவறிச் சொன்னால் ஊழியருக்கு அபராதம். 'விருந்தினர்' என்றுதான் சொல்லவேண்டும். பணம் கட்டும் இடத்துக்கு 'அன்புப் பரிமாற்றம்' என்று பெயர். காவலாளி பையைப் பிடுங்கிச் சோதிக்கிற இடம் 'நம்பிக்கை வாசல்'. கழிவறைக்கு மட்டும் இன்னும் நல்ல பெயர் அமையவில்லை. அதற்கு ஒரு குழு போட்டிருக்கிறார்கள், குழு அவ்வப்போது உள்ளே போய் யோசித்துவிட்டு வருகிறது.

இந்தக் கடையின் பின்பக்கச் சந்தில் கத்தரியக்காவின் முடிவெட்டும் கடை இருக்கிறது. ஒரு கண்ணாடி, ஒரு குழாய், ஒரு நாற்காலி. ஆண், பெண், குழந்தை, எல்லாத் தலையும் அங்கே வரும். எந்நேரமும் கத்தரியும் கையுமாக இருப்பவள் என்பதால் சந்துக்காரர்களுக்கு அவள் சொந்தப் பெயர் மறந்தே போய்விட்டது. கை சுத்தம். வாயைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

அந்த நாற்காலிதான் அவளுக்கு எமன். வீட்டுச் சமையலறையில் இருந்து வந்தது, ஏறவும் தெரியாது இறங்கவும் தெரியாது. உயரமானவர் உட்கார்ந்தால் எக்கி நிற்கவேண்டும், குட்டையானவர் உட்கார்ந்தால் கூனிக் குறுகவேண்டும். மாலையில் ஷட்டரை இழுத்துவிடக் குனிந்தால் நிமிர்வதற்குச் சுவரைப் பிடிக்கவேண்டும். "இன்னும் கொஞ்ச நாள் இப்படிக் குனிஞ்சீங்கன்னா கத்தரியை மறந்துட வேண்டியதுதான்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். டாக்டருக்கு என்ன, சொல்லிவிட்டார். கத்தரியை மறந்தால் வயிறு மறக்குமா?

தம்பி கப்பலில் சமையல்காரன். போனமுறை விடுப்பில் வந்தபோது, அக்கா சுவரைப் பிடித்து நிமிர்வதைப் பார்த்துவிட்டான். நேராகப் பெரிய கடைக்குப் போய் ஒரு சிவப்பு நாற்காலியைத் தேர்ந்தெடுத்தான். முடிவெட்டும் கடைக்கென்றே செய்தது. அடியில் இரும்புப் பம்ப், காலால் மிதித்தால் ஆளோடு சேர்த்து மேலே ஏறும். பணத்தை நீட்டப்போனவனை அங்கிருந்த சிரிப்புப் பெண் தடுத்தாள். கடைக்கு வருகிறவர்களைப் பார்த்துச் சிரிப்பதுதான் அவள் வேலை.

"நாற்காலியா வாங்கிக் குடுத்தா அது வெறும் நாற்காலி சார். மகிழ்ச்சி அட்டையா குடுத்துப் பாருங்க, அது பரிசு. அக்காவே வந்து பிடிச்ச நிறத்துல எடுத்துக்கலாம்ல?"

அதுவும் சரிதானே என்று அந்த அப்பாவி நாற்காலியின் விலைக்குச் சரியாக ஓர் அட்டை வாங்கிவிட்டான். பொன்னிற ஓரம் போட்ட அட்டை. முகப்பில் 'முழு மனதோடு' என்று எழுதியிருந்தது. அக்கா கையில் கொடுத்துவிட்டுச் சொன்னான்: "அந்த ஓட்டை நாற்காலியைத் தூக்கித் தெருவுல போடு. அடுத்த தடவை வரும்போது புதுசுல நான்தான் உட்காருவேன். நீ நிமிர்ந்து நின்னு எனக்கு முடி வெட்டணும்."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதை மறைக்க, காசைக் கரியாக்குகிறாய் என்று அவனை நன்றாகத் திட்டி அனுப்பினாள்.

அட்டையை எடுத்துக்கொண்டு அவள் பெரிய கடைக்குப் போன அன்று சிரிப்புப் பெண் அதை இருகையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறைதான்.

"இந்த அட்டை கையில கிடைச்சப்போ உங்களுக்கு சந்தோஷமா இருந்துச்சா மேடம்?"

"இல்லாம என்ன? என் தம்பி குடுத்தது. அழுகையே வந்துடுச்சு."

"ரொம்ப நல்லது மேடம்." அவள் கணினியில் ஏதோ தட்டினாள். "அப்போ கால் பங்கு மகிழ்ச்சியை நீங்க அனுபவிச்சாச்சு. மிச்சம் முக்கால் பங்கு பொருளா தர்றோம்."

கத்தரியக்காவுக்குக் காது அடைத்துவிட்டதோ என்று சந்தேகம் வந்தது. திரும்பக் கேட்டாள். அந்தப் பெண்ணும் சிரிப்பு மாறாமல் திரும்பச் சொன்னாள். அட்டை என்பது முழு மகிழ்ச்சி. அதில் ஒரு பங்கு, பரிசு கைக்கு வரும் நேரத்திலேயே விருந்தினர் மனதுக்குள் போய்விடுகிறது. போனதைத் திரும்பப் பொருளாகக் கொடுத்தால் ஒரே மகிழ்ச்சியை இரண்டு தடவை கொடுத்ததாகிவிடும், கணக்கு இடிக்கும். எல்லாம் அட்டையின் பின்பக்கம் இருக்கிறது. கத்தரியக்கா திருப்பிப் பார்த்தாள். எறும்பு வரிசை மாதிரி என்னமோ ஓடியது.

"சரி, மிச்சத்தைக் காசா குடுத்துடறேன். முழு நாற்காலியைக் குடும்மா."

சிரிப்புப் பெண் முதல்முறையாகப் பதறினாள். "ஐயோ மேடம், அட்டையும் காசும் கலக்கக் கூடாது. குடுத்தவங்க அன்புக்கு அது அவமானம்."

"என் தம்பி அன்பைப் பத்தி நீ கவலைப்படாத. நாற்காலியில முக்கால் பங்கு எப்படிக் குடுப்ப? அறுத்தா குடுப்ப?"

"அறுக்க மாட்டோம் மேடம். கழட்டிடுவோம்."

அன்றைக்கு அந்தக் கடையில் கழற்றப்பட்டுக்கொண்டிருந்தவற்றை அவள் அப்போதுதான் கவனித்தாள். கதவில்லாத அலமாரி ஒன்றை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, நடுப்பலகை யாருடைய மனதுக்குள் போனது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தது. "பரிசு வந்தப்போ நீதானே பல்லைக் காட்டின?" என்று மனைவி கேட்டுக்கொண்டிருந்தாள்.

கத்தரியக்கா விடுகிற ஆளில்லை. மேலே இருக்கிற ஆளைக் கூப்பிடு என்று சத்தம் போட்டாள். மேலே என்றால் மகிழ்ச்சித் தலைவர். மற்ற கடைகளில் மேலாளர் என்று சொல்வார்களே, அவர்தான்.

அவர் அறையில் மேசை தெரியவில்லை. அவ்வளவு இலவசப் பொருட்கள். பேனா, கடிகாரம், குடை, பிஸ்கட் டப்பா, யாரோ கொடுத்த சலவை இயந்திரத்தின் மூடி. எவன் எதை நீட்டினாலும் வேண்டாம் என்று சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. தலைமுடி மட்டும் மைபோல் கருப்பு. காது மடலில் ஒட்டியிருந்த சாயக்கறையைக் கத்தரியக்காவின் கண் உள்ளே நுழைந்ததுமே பார்த்துவிட்டது. அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியும் பம்ப் வைத்ததுதான். பேசப்பேச மிதித்து மிதித்து மேலே ஏறிக்கொண்டே போனார்.

"குறைன்னு சொல்லாதீங்கம்மா. அது உறவு," என்று ஆரம்பித்தார். "முழுசா குடுத்துட்டா என்ன ஆகும்? நாற்காலியை எடுத்துட்டுப் போயிடுவீங்க. அப்புறம் எங்களை நினைப்பீங்களா? மாட்டீங்க. இப்போ பம்ப் இல்ல. ஒவ்வொரு தடவை குனியும்போதும் எங்க நினைப்பு வரும். எந்தக் கடைம்மா விருந்தினர் மனசுல இப்படி இடம் பிடிச்சிருக்கு? ஆரம்பத்துல நாங்களும் முழுசாத்தான் குடுத்துட்டிருந்தோம். ஒருத்தர்கூடத் திரும்பி வந்து பேசல. எங்களுக்கு எவ்வளவு வருத்தமா இருந்துச்சு தெரியுமா? இப்போ கீழ பாருங்க. தினமும் எவ்வளவு கூட்டம்! அவ்வளவு பேரும் எங்களோட பேசணும்னு வர்றாங்க."

"அந்தக் கால் பங்கு எங்க போகுது சார்?"

"அது எங்க மகிழ்ச்சிம்மா. நாங்களும் மனுஷங்கதானே?"

இதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கியது. அதற்குள் அவர் நாற்காலி உச்சிக்கு ஏறியிருந்தது, கத்தரியக்கா அண்ணாந்துதான் அந்தக் கண்ணீரைப் பார்க்கவேண்டியிருந்தது. பிறகு ஒரு சீட்டை நீட்டினார். 'முழு மகிழ்ச்சிச் சீட்டு.' தனக்கு முழுத் திருப்தி என்று விருந்தினர் அதில் கையெழுத்துப் போட்டால்தான் முக்கால் நாற்காலியும் வெளியே வரும். போடாவிட்டால் மகிழ்ச்சியில் விருப்பமில்லாதவர் என்று பொருள். அட்டை செத்துவிடும்.

கையெழுத்துப் போட்டாள். தம்பி கொதிக்கிற அடுப்படியில் நின்று சம்பாதித்தது அடியோடு போவதற்கு முக்காலாவது வரட்டும் என்று போட்டாள். போட்டுவிட்டு வெளியே வந்தவளுக்கு அவமானத்தில் உடம்பெல்லாம் எரிந்தது.

நாற்காலி வந்து இறங்கியது. சிவப்பு மெத்தை, பளபளக்கும் கைப்பிடி, கால் வைக்கும் தட்டு, எல்லாம் ஜோர். பம்ப் இல்லாததால் தரையோடு தரையாக உட்கார்ந்திருந்தது. பழைய நாற்காலியைத்தான் தம்பி பேச்சைக் கேட்டு முன்னாடியே தெருவில் போட்டாயிற்று, அதை எவனோ அன்றைக்கே தூக்கிக்கொண்டு போயிருந்தான். இனி இதுதான் கதி. முடிவெட்ட வந்தவர்கள் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்தார்கள். கத்தரியக்கா மண்டியிட்டு வெட்டினாள். சிலருக்கு மண்டியிட்டும் எட்டாமல் குப்புறப்படுக்காத குறையாக வெட்டினாள். பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னக்கா, தலைக்கு வெட்டறீங்களா, காலுக்கு நகம் வெட்டறீங்களா?" என்று கேட்டார். அவள் எறிந்த சீப்பு அவர் தோளில் பட்டது.

அன்று பார்த்துத் தம்பி வீடியோவில் கூப்பிட்டான். பின்னால் அலைச் சத்தமும் பாத்திரச் சத்தமும்.

"அக்கா, நாற்காலி வந்துடுச்சா? காட்டு காட்டு."

அவள் போனை நாற்காலியின் முதுகுக்கு நேராகப் பிடித்தாள். மெத்தையைக் காட்டினாள், கைப்பிடியைக் காட்டினாள். கீழே மட்டும் போகவில்லை.

"சூப்பரா இருக்குக்கா! பம்ப் நல்லா மேல ஏறுதா?"

"ஏறுதுடா. வானத்துக்கே போகுது."

"முதுகு வலி?"

"இப்போ வலியே இல்ல."

போனை வைத்துவிட்டு அந்தத் தரை நாற்காலியிலேயே உட்கார்ந்து அழுதாள். வலிக்காக அழவில்லை. தம்பியிடம் பொய் சொல்லவைத்துவிட்டார்களே என்றுதான் அழுகை. அழுது முடித்ததும் எழுந்திருக்க முடியவில்லை. ஜெராக்ஸ்காரர் வந்து கைகொடுத்துத் தூக்கவேண்டியதாயிற்று. எழுந்து நின்றபோது அவள் முகத்தில் அழுகை இல்லை, வேறென்னமோ இருந்தது.

"நுகர்வோர் குறைதீர்ப்பு அலுவலகம்னு ஒண்ணு இருக்காம். எங்க இருக்கு?" என்று கேட்டாள்.

அலுவலகம் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இருந்தது. அலுவலர் நல்ல மனிதர். தண்ணீர் கொடுத்து, முழுக்கதையையும் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"உங்களுக்கு முழு உரிமை இருக்கும்மா. சந்தேகமே வேண்டாம். அட்டை எந்த மதிப்புக்கோ அந்த மதிப்புக்கு முழுசா குடுத்தே ஆகணும். சட்டம் கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கு."

"அப்போ வாங்கித் தாங்க சார்."

"கண்டிப்பா. முழு மகிழ்ச்சிச் சீட்டுல கையெழுத்து போட்டீங்களா?"

"போட்டாத்தான் நாற்காலியே வரும்னாங்க."

"அங்கதாம்மா சிக்கல். மகிழ்ச்சியா இருக்கிறவங்ககிட்ட நாங்க புகார் வாங்க முடியாது. குறை இருந்தாத்தானே தீர்க்க?"

"கையெழுத்து போடாம வந்திருந்தா?"

"பொருளே வாங்கலையே, எதுல குறை? அப்பவும் வாங்க மாட்டோம்."

கத்தரியக்கா அவரை உற்றுப் பார்த்தாள். அவர் ஒரு விலை உயர்ந்த சோபாவில் விறைப்பாக, பரேடுக்கு நிற்பவர்போல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பேசிக்கொண்டே களைத்துப்போய்ப் பின்னால் சாயப்போனார், சட்டென்று ஞாபகம் வந்து திரும்ப நிமிர்ந்தார். சோபாவுக்கு முதுகு இல்லை.

"சார், இது..."

"கல்யாண நாளுக்கு மச்சான் குடுத்த அட்டை," என்றார் அலுவலர், குரலைத் தாழ்த்தி. "வீட்டுல வச்சா எங்க வீட்டம்மா என்னையும் சேர்த்து வெளிய தள்ளிடுவேன்னுட்டா. நானும் சீட்டுல கையெழுத்து போட்டவன்தாம்மா. நான் ரொம்ப மகிழ்ச்சியா இருக்கேன்."

அந்த முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கத்தரியக்கா எழுந்துகொண்டாள். வாசல்வரை போனவள் திரும்பி, "ஒரு சந்தேகம் சார். இந்த மாதிரி அட்டை பெரிய கடைக்காரங்க மட்டும்தான் குடுக்கலாமா?" என்று கேட்டாள்.

"கடை வச்சிருக்கிற யார் வேணாலும் குடுக்கலாம்."

"நான்கூடவா?"

"தாராளமா. அட்டையில என்ன விதி போடறீங்களோ அதான் விதி. கையில வாங்கிட்டாலே ஒத்துக்கிட்ட மாதிரிதான்."

மாடிப்படியில் இறங்கும்போது அவளுக்கு முதுகு வலி தெரியவே இல்லை.

ஜெராக்ஸ்காரர் அட்டையைப் பிரமாதமாக அடித்துக் கொடுத்தார். பொன்னிற ஓரம், நடுவில் பூ, முகப்பில் பெரிய எழுத்தில்: 'கத்தரியக்காவின் நன்றி அட்டை. முழு மனதோடு ஒரு முடிவெட்டும் தலைச்சாயமும்.' பின்பக்கத்துக்கு, தீர்ந்துபோனதென்று அவளிடமே திருப்பித் தந்திருந்த பெரிய கடையின் அட்டையையே வைத்து வரிக்கு வரி அடித்தார்கள். 'பொருள்' என்று வந்த இடத்தில் 'வேலை' என்று மாற்றியதோடு சரி. கடைசியில் ஒரே ஒரு வரியை அவள் தன் சொந்தச் சரக்காகச் சேர்த்தாள். சாயம் நன்றாகப் பிடிக்க, அதற்குமுன் ஒன்றரை மாதம் தலையில் எதுவும் பூசக்கூடாது. அதை மட்டும் முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் போடச்சொன்னாள்.

"பின்பக்கம் இவ்வளவு பொடியாவா? என் மிஷினே கண்ணாடி கேக்குதுக்கா," என்றார் ஜெராக்ஸ்காரர்.

"படிக்கத்தான் யாருமில்லையே. அடிங்க."

இருவருமாகப் போய்க் கொடுத்தார்கள். மகிழ்ச்சித் தலைவர் உருகிப்போனார். சண்டை போட்டுவிட்டுப் போன விருந்தினர் நன்றி அட்டையோடு திரும்பி வருவது என்றால் அவருடைய கொள்கைக்கு வேறென்ன வெற்றி வேண்டும்?

"பார்த்தீங்களா, உறவு! இதைத்தான் நான் சொன்னேன். மனசு நிறைஞ்சுபோச்சும்மா!"

"நிறைஞ்சுடுச்சா சார்?" என்று அழுத்திக் கேட்டாள் கத்தரியக்கா.

"நிரம்பி வழியுது!"

"நீங்க கேட்டீங்கல்ல?" என்று ஜெராக்ஸ்காரர் பக்கம் திரும்பினாள். அவர் கேட்டேன் என்று தலையாட்டினார். "பின்னாடி ஏதோ விதியெல்லாம் இருக்கு சார், ஒரு தடவை படிச்சுக்கோங்க."

அவர் சிரித்தார். "அட்டைக்குப் பின்பக்கம் படிக்கிற வழக்கம் எங்க கடையிலயே இல்லம்மா. அடிக்கிற நாங்களே படிக்க மாட்டோம். ஒண்ணரை மாசத்துல ஆண்டு விழா வருது, டிவிக்காரங்க வர்றாங்க. விழா அன்னைக்குக் காலையில சுடச்சுட வந்து அடிச்சுக்கறேன்."

அன்றிலிருந்து அவர் தலையில் கடை விளம்பரத் தொப்பி ஏறியது. காசு கொடுத்துச் சாயம் வாங்க மனம் வருமா, இலவசமாக ஒன்று காத்திருக்கும்போது? தொப்பியை மீறி வெள்ளை எட்டிப் பார்த்த நாட்களில் இரண்டு தொப்பி போட்டுக்கொண்டார். கத்தரியக்கா மண்டியிட்டு முடிவெட்டிக்கொண்டே சந்து முனையில் போகிற அந்தத் தொப்பியைப் பார்ப்பாள். முழங்கால் வலிக்கு அதைப்போல ஒரு தைலம் இல்லை. தம்பியும் கூப்பிட்டு, விழா முடிந்த மறுநாள் வந்து இறங்குகிறேன், நாற்காலியைத் துடைத்துவை என்றான். துடைத்துவைக்கிறேன் என்றாள்.

விழா நாள் காலை, கோட்டு சூட்டில் வந்தார் மகிழ்ச்சித் தலைவர். நாற்காலியைப் பார்த்ததும் தயங்கினார்.

"என்னம்மா, குழிக்குள்ள இருக்கு?"

"உங்க கடை நாற்காலிதான் சார். உறவு வச்சிருக்கேன்."

அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு, சூட்டின் மடிப்பு கலையாமல் தவளைபோல் உட்கார்ந்தார். கத்தரியக்கா பின்னால் மண்டியிட்டாள். முதலில் முடியை ஒட்ட வெட்டினாள். பழைய சாயம் பூசிய கருப்பெல்லாம் தரையில் விழுந்து, ஒன்றரை மாதம் வளர்ந்த சுத்தமான வெள்ளை மட்டும் தலையில் நின்றது. பிறகு சாயத்தைக் குழைத்தாள். சாயம் அடிக்கிறவர்கள் எல்லாரும் செய்வதுபோல் நெற்றியிலிருந்து பிடரிவரை ஒரு வகிடு, காதிலிருந்து காதுவரை ஒரு வகிடு எடுத்துத் தலையை நாலாகப் பிரித்தாள். பின்பக்கம் வலது, பின்பக்கம் இடது, முன்பக்கம் வலது என்று மூன்று பாகத்தையும் அப்படி ஒரு பக்தியோடு பூசினாள். வேலையில் அவள் எப்போதும் ஏமாற்றுவதில்லை. பிறகு கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டாள்.

"அவ்வளவுதான் சார்."

அவர் கண்ணாடியைப் பார்த்தார். நெற்றியின் இடது பக்கம் பஞ்சுபோல் வெள்ளை.

"இங்க விட்டுப்போச்சும்மா."

"விட்டுப்போகல சார். அட்டை கையில கிடைச்சப்போ உங்களுக்கு மனசு நிறைஞ்சுதுல்ல? அந்தக் கால் பங்கு உள்ள போயிடுச்சு. மிச்சம் முக்கால் பங்கை வேலையா குடுத்துட்டேன்."

"எனக்கு ஒண்ணும் நிறையல!"

"நிரம்பி வழியுதுன்னு சொன்னாரு. நான் சாட்சி," என்றார் வாசலில் நின்ற ஜெராக்ஸ்காரர்.

மகிழ்ச்சித் தலைவர் பர்ஸை எடுத்தார். "இந்தாங்க, காசு வாங்கிக்கிட்டு அடிச்சு விடுங்க. எவ்வளவு வேணும்?"

"ஐயோ சார், அட்டையும் காசும் கலக்கலாமா? குடுத்தவங்க அன்புக்கு அது அவமானம்."

"குடுத்ததே நீங்கதானேம்மா!"

"அதனாலதான் சொல்றேன். என் அன்பு எனக்குத் தெரியாதா?"

அவர் எழுந்திருக்கப் பார்த்தார். தரையோடு இருக்கும் நாற்காலியிலிருந்து, இறுக்கமான சூட்டில், தலையில் ஈரச் சாயத்தோடு எழுந்திருப்பது லேசான காரியமில்லை. இரண்டு தடவை எம்பி இரண்டு தடவையும் தொப்பென்று விழுந்தார். வெளியே பெரிய கடையின் ஒலிபெருக்கி பரிசோதனைக்கு இருமிக்கொண்டிருந்தது.

"உங்களுக்கு என்னதாம்மா வேணும்?" அது அழுகிற குரல்.

கத்தரியக்கா ஜெராக்ஸ் கடை ஸ்டூலை இழுத்துவந்து போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். இப்போது அவர்தான் அண்ணாந்து பார்க்கவேண்டியிருந்தது. "என் தம்பி நெருப்புல நின்னு சம்பாதிச்ச காசு சார் அது. நாளைக்கு வர்றான். அவன்கிட்ட நான் பொய் சொல்லிட்டு உட்கார்ந்திருக்கேன். என் பம்ப் வேணும்."

அவர் போனை எடுத்துக் கத்தினார். சிறிது நேரத்தில் சிரிப்புப் பெண்ணும் இரண்டு தூக்கும் ஆட்களும் பம்பைச் சுமந்துகொண்டு ஓடிவந்தார்கள். அவரை நாற்காலியோடு தூக்கி, அடியில் பம்பை வைத்து முடுக்கினார்கள். கத்தரியக்கா காலால் மிதித்தாள். மகிழ்ச்சித் தலைவர் மேலே ஏறினார். மறுபடி மிதித்தாள், இன்னும் ஏறினார். சந்தில் போகிறவர்கள் எல்லாருக்கும் தெரிகிற உயரத்தில், மூன்று பங்கு சாயமும் ஒரு பங்கு வெள்ளையுமாக நின்றது அந்தத் தலை. சிரிப்புப் பெண் அதைப் பார்த்தாள். வேலையில் சேர்ந்த நாளாக அவள் சிரித்த சிரிப்பெல்லாம் ஒரு பக்கம், இப்போது சிரித்தது ஒரு பக்கம். அடக்கமுடியாமல் சுவரில் சாய்ந்துகொண்டு கண்ணைத் துடைத்தாள்.

கத்தரியக்கா ஸ்டூலில் ஏறி நின்று அவர் தலையை அலசித் துடைத்துவிட்டாள். வேண்டுமென்றே மெதுவாகத் துடைத்தாள்.

"பம்ப் வந்தாச்சுல்ல? இப்போ அந்தப் பக்கம் அடிங்கம்மா. நேரமாச்சு."

"பம்ப் உங்க கடை எனக்குக் குடுக்க வேண்டிய பாக்கி சார். வந்துடுச்சு. அதுக்கும் என் அட்டைக்கும் என்ன சம்பந்தம்? ரெண்டையும் கலக்காதீங்க." ஒரு சீட்டையும் பேனாவையும் நீட்டினாள். "இதுல ஒரு கையெழுத்து போடுங்க. முழு மகிழ்ச்சின்னு. போட்டாத்தான் நாற்காலியை இறக்குவேன்."

அந்த உயரத்திலிருந்து குதிக்கிற வயதில்லை அவருக்கு. போட்டார்.

விழா மேடையில் அவர் தொப்பியோடுதான் ஏறினார். ஆனால் பெரிய கடைக்கென்று ஒரு பாட்டு உண்டு. 'முழு மனதோடு, முழு மனதோடு' என்று போகும். அது பாடும்போது யார் தலையிலும் எதுவும் இருக்கக்கூடாது என்று விதி போட்டவரே அவர்தான். பாட்டு ஆரம்பித்தது. ஊழியர்கள் எல்லாரும் தொப்பியைக் கழற்றினார்கள். கேமரா அவர் முகத்துக்கு அருகே வந்து காத்து நின்றது. அவரும் கழற்றினார்.

கூட்டம் ஒரு நொடி ஒன்றும் புரியாமல் பார்த்தது. கீழே முன்வரிசையில் குறைதீர்ப்பு அலுவலர் உட்கார்ந்திருந்தார். அந்த வெள்ளைப் பாகத்தைப் பார்த்தார், மற்ற மூன்றையும் பார்த்தார், முதுகில்லாத சோபா ஞாபகம் வந்திருக்கவேண்டும். எழுந்து நின்று, அலுவலகத்தில் பேசாத பெருங்குரலில் கேட்டார்:

"தலைவரே, மிச்சம் மனசுக்குள்ள போயிடுச்சா?"

அப்புறம் பாட்டு யார் காதிலும் விழவில்லை. கதவில்லாத அலமாரிக்காரரும் பலகையில்லாத கட்டில்காரர்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அதெல்லாம் டிவியில் நேரடியாக வீடுவீடாகப் போய்ச் சேர்ந்தது. சிரித்து முடித்தவர்கள் சும்மா போகவில்லை. என் கதவு எங்கே, என் பலகை எங்கே என்று மேடையைச் சுற்றிக்கொண்டார்கள். மாலைக்குள் கிடங்கைத் திறக்கவேண்டியதாயிற்று. உள்ளே கூரைவரை முதுகுகளும் கதவுகளும் அடுக்கியிருந்தனவாம். அதுதான் அவர்களுடைய மகிழ்ச்சி.

மறுநாள் தம்பி வந்தான். பையைக்கூட இறக்காமல் சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்தான். கத்தரியக்கா மிதித்தாள். அவன் மேலே ஏறினான். அவள் நிமிர்ந்து நின்று, கையை நீட்டி, குனியாமல் முதல் வெட்டு வெட்டினாள்.

"என்னக்கா, கண்ணுல தண்ணி?"

"முடி பறந்து விழுந்துடுச்சுடா. ஆடாம உட்காரு."

கண்ணாடியில் வாசல் தெரிந்தது. வெளியே மகிழ்ச்சித் தலைவர் தொப்பியோடு நின்றுகொண்டிருந்தார். ராத்திரி தானே வீட்டில் அந்தப் பாகத்துக்கு எதையோ பூசியிருக்கிறார், மற்ற மூன்றும் கருப்பாக இருக்க அது மட்டும் செங்கல் நிறத்துக்குப் போய்விட்டது. நிறம் சேர்த்துவிட வேறெந்தக் கடையிலும் ஒத்துக்கொள்ளவில்லை. டிவியில் பார்த்த தலை என்பதால் எல்லாக் கடையிலும் முதலில் சிரித்துவிட்டுத்தான் பேசினார்கள்.

"யாருக்கா அது? ரொம்ப நேரமா நிக்கிறாரே, உள்ள கூப்பிடு."

"அவருக்கு இங்க வேலை முடிஞ்சுடுச்சுடா. முழு மகிழ்ச்சின்னு கையெழுத்தே போட்டுட்டார்," என்று சொல்லிவிட்டு, கத்தரியக்கா பம்பை இன்னொரு மிதி மிதித்தாள்.